எண்ணெய் குடிக்காத கார்

"மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடுன வண்டிக்கு எந்த எண்ணெய் ஊத்தணும்?"

குற்றாலிங்கம் இந்தக் கேள்வியைக் கேட்டது இரண்டு பாதங்களிடம்.

மெக்கானிக்கின் மீதி உடம்பெல்லாம் ஒரு ஜீப்புக்கு அடியில் இருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்தவை பாதங்கள் மட்டும்தான். விரலில் மெட்டி, குதிகாலில் கிரீஸ்.

பாதங்கள் பதில் சொல்லவில்லை.

அவர் விடுகிற ஆளா? செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு இன்னொரு தடவை கேட்டார். சாதா எண்ணெயா, சிந்தெடிக்கா, இரண்டும் கலந்த ரகமா, பழைய வண்டிக்கென்றே தனியாக ஒன்று விற்கிறானே அதுவா என்று விளக்கமாகவும் கேட்டார். சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, இதுவரை கண்டறிந்ததையும் வாசித்துக் காட்டினார்.

வலது பெருவிரல் மட்டும் லேசாக அசைந்தது. காத்திருக்கச் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டு, பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

அவர் காத்திருக்கட்டும். ஆள் யாரென்று நாம் பார்த்துவிடுவோம்.

அம்பாசமுத்திரம் தாலுகா ஆபீசில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து மூன்று. அந்தத் தாலுகாவில் அவர் சங்கிலி பிடித்து அளக்காத வயல் கிடையாது. அண்ணன் தம்பி வரப்புத் தகராறு என்றால் ஒரு சாண் கூடவோ குறையவோ விடமாட்டார். அப்பேர்ப்பட்டவர் தன் வாழ்நாளில் அளந்து பார்க்காத ஒன்று உண்டென்றால், அது அவருடைய காரில் கிடக்கிற எண்ணெய்.

அளக்கத் தேவையில்லை என்பது அவர் கட்சி. "என் வண்டி ஒரு சொட்டு எண்ணெய் குடிக்காது" என்பார். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லியிருக்கிறார். துக்க வீட்டில்கூட ஒரு தடவை சொல்லிவிட்டார்.

வெள்ளைக் கார். வாங்கி இருபத்தைந்து வருஷமாகிறது.

ஜீப்புக்கு அடியில் கிடந்தவள் செல்வக்கனி. வயது முப்பத்து நாலு. பெரிய கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். கல்யாணமான கையோடு தென்காசி ரோட்டில் சொந்தமாக ஷெட் போட்டுவிட்டாள். எஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே நோவைச் சொல்லிவிடுவாள் என்று ஊரில் பேச்சு. ஆனால் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுவதற்குள் கேட்கிறவனுக்குப் பசி வந்துவிடும்.

இவர் அந்த ஷெட்டுக்குள் கால் வைத்து எட்டு வருஷம் ஆகிறது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் புதிதாக ஷெட் திறந்த சமயம், காரைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது எண்ணெய் குடிக்க ஆரம்பிச்சிட்டு" என்று சொன்னாள். சொன்னது அவ்வளவுதான். மனுஷனுக்கு முகம் கறுத்துவிட்டது. வீட்டுக்குப் போய் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று வந்த பிள்ளைக்கு என்ன தெரியும் என்று மனைவி ஆவுடையம்மாளிடம் குமுறினார். அதற்குப் பிறகு அந்த ஷெட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டே ஓட்டினார். ஒரு தடவை எதிரே வந்த பால்காரர் மேல் ஏற்றப் பார்த்தார்.

அப்படிப்பட்டவர் இப்போது ஏன் வந்தார்? நாலு மாசமாக வண்டி டிக் டிக் என்கிறது. அதனால் வந்தார்.

சத்தம் வந்தவுடனே அவருக்கு எண்ணெய் மேல்தான் சந்தேகம். நல்ல எண்ணெயாக மாற்றினார், சத்தம் நின்றது. இருபது நாள் போனதும் திரும்பவும் டிக் டிக். இந்த எண்ணெய் ஏமாற்று ரகம் என்று நோட்டில் எழுதிவிட்டு, வேறொன்று மாற்றினார். அதுவும் இருபது நாள் யோக்கியமாக இருந்துவிட்டுத் தன் குணத்தைக் காட்டியது. மூன்றாவது, தங்க நிற டப்பாவில் வந்த வெளிநாட்டுச் சரக்கு. நாலாவது, செல்போனில் ஒருத்தன் முக்கால் மணி நேரம் பேசிப் புகழ்ந்தது. எல்லாம் ஒரே ஜாதி. முதல் வாரம் அமைதி, நாலாவது வாரம் டிக் டிக்.

உலகத்தில் நேர்மையான எண்ணெயே கிடையாதா என்று அவருக்கு மனசு விட்டுப்போயிற்று.

அதற்கு மேல் ஆவுடையம்மாள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். வண்டியை விற்றுவிடுங்கள் என்றாள். எங்கேயாவது நடுரோட்டில் நின்று மானம் போவதற்குள் கௌரவமாகக் கொடுத்துவிடலாம் என்றாள். வாயால் சொன்னதோடு நிற்காமல் திருநெல்வேலிப் பழைய கார் வியாபாரி ஜெபமணிக்குப் போன் போட்டு, வருகிற வெள்ளிக்கிழமை வரச் சொல்லியும் விட்டாள்.

இன்று செவ்வாய்.

அந்த வண்டி போய்விட்டால் தனக்கு என்ன மிச்சம் என்று குற்றாலிங்கம் நினைத்துப் பார்த்தார். மிச்சம் எதுவும் தட்டுப்படவில்லை. மகன் வீட்டுக்குப் போனால் மகன் ஓட்டுவான், இவர் பின்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதை நினைத்தாலே அழுகை வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சரியான எண்ணெய் கிடைத்துச் சத்தம் நின்றுவிட்டால், ஆவுடையிடம் பேசிப் பார்க்கலாம். அந்த ஒரே நம்பிக்கையில்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைந்திருக்கிறார்.

ஜீப்புக்கு அடியிலிருந்து செல்வக்கனி வெளியே வந்தாள்.

அவரைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். அவர் நோட்டை நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை.

"பின்னால போய் நில்லுங்க அண்ணாச்சி."

அவர் காருக்குப் பின்னால் போய், அவள் சொன்ன இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து, ஒரே மிதியாக மிதித்தாள்.

நீலமாகப் புகை வந்தது. வேட்டி, சட்டை, நெற்றித் திருநீறு எல்லாவற்றையும் அது மூடியது. உள்ளே அவர் இருமுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

இருபத்தைந்து வருஷமாக அவர் அந்தக் காரை முன்னாலிருந்துதான் பார்த்திருக்கிறார். பின்னால் என்ன நடக்கிறது என்பது அம்பாசமுத்திரத்தில் மற்ற எல்லோருக்கும் தெரியும்.

புகை கலைந்ததும் அவள் இறங்கி வந்து அவர் முகத்தையே பார்த்தாள்.

காலை நேரத்தில் எல்லா வண்டியும் இப்படிக் கொஞ்சம் பனி விடத்தான் செய்யும் என்றார் அவர்.

அப்போது மத்தியானம் மூன்று மணி.

வண்டி இங்கேயே நிற்கட்டும், நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டு, அவள் மறுபடியும் ஜீப்புக்கு அடியில் போய்விட்டாள். அவர் இருமிக்கொண்டே நடந்து வீடு போய்ச் சேர்ந்தார்.

புதன்கிழமை குளித்து, புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தார்.

"எந்த எண்ணெய்னு ஒரு வார்த்தை சொல்லிரு தாயி" என்றார்.

அவள் பானட்டைத் திறந்து வைத்தாள். எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை உருவுங்கள் என்றாள்.

அதெல்லாம் தன் வண்டிக்குத் தேவைப்பட்டதில்லை என்று அவர் சொல்லிப் பார்த்தார். ஆரம்ப காலத்தில் பார்த்ததாகவும், எப்போது பார்த்தாலும் மேல்கோட்டில் நின்றதாகவும், நம்பிக்கைக்குப் பாத்திரமான ஒன்றைத் திரும்பத் திரும்பச் சோதிப்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார். அவள் அசையாமல் நின்றாள். வேறு வழியில்லாமல் கையை நீட்டினார். கை நேராகப் போய் கண்ணாடி கழுவுகிற தண்ணீர் மூடியைப் பிடித்தது.

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து, சரியான இடத்தில் கொண்டுபோய் விட்டாள்.

உருவினார். கம்பியில் இரண்டு கோடு இருந்தது. மேல்கோட்டில் எண்ணெய் இல்லை. கீழ்க்கோட்டிலும் இல்லை. நுனியில், பேனா மை அளவுக்கு என்னவோ ஒட்டியிருந்தது.

குற்றாலிங்கம் ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்து எழுதினார்: நாலாவது எண்ணெய், ஆவியாகும் ரகம்.

செல்வக்கனி எட்டிப் பார்த்து அதை வாசித்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய், பேர் ஒட்டாத தகர டப்பா ஒன்றைக் கொண்டுவந்தாள். புனலை வைத்து நிதானமாக ஊற்றினாள். கம்பியைத் துடைத்துச் செருகி, எடுத்து, பார்த்து, இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். ஸ்டார்ட் செய்தாள்.

டிக் டிக் இல்லை. எஞ்சின் ஒழுங்காக ஓடிற்று.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் அந்த டப்பாவைத் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதுவும் எழுதியிருக்கவில்லை. ஒரு சொட்டை எடுத்து விரலில் தேய்த்தார், மோந்து பார்த்தார். கொஞ்சம் கெட்டியான எண்ணெய் என்பது தவிர வேறு ஒன்றும் விளங்கவில்லை.

"இதுதான். இதத்தான் நாலு மாசமா தேடுதேன். இதுக்குப் பேர் என்ன?"

"பேரை எஞ்சின் கேக்கலையே, அண்ணாச்சி."

சொல்லிவிட்டு அவள் கை கழுவப் போனாள்.

அன்று ராத்திரி படுத்தும் அவருக்குத் தூக்கம் வரவில்லை. அவர் ஒன்றும் மண்டு இல்லை, சர்வேயர். கணக்கு உதைத்தால் விடமாட்டார். வண்டி எண்ணெய் குடிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் எட்டு வருஷமாக வருஷத்துக்கு ஒரு தடவைதான் எண்ணெய் மாற்றினார். அத்தனை வருஷமும் டிக் டிக் இல்லை. நாலு மாசத்தில் மட்டும் எப்படி மாசம் ஒரு லிட்டர் காணாமல் போகிறது? நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியிருக்க வேண்டாமா?

வியாழக்கிழமை காலையில் ஷெட் திறப்பதற்கு முன்னாலேயே போய் நின்றார்.

செல்வக்கனி பூட்டைத் திறந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தி முடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு கணக்கை எடுத்து வைத்தார். நில அளவை மாதிரி நாலு மூலையும் சுற்றி வந்து, கடைசியில் கேட்டார்:

"எட்டு வருஷமா குறையாத எண்ணெய் இப்ப மட்டும் ஏன் குறையுது?"

அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். முதல் தடவையாக அவருக்கு எதிரே இன்னொரு டயரை உருட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

"நாலு மாசத்துக்கு முன்னால உங்க வீட்ல என்ன மாறிச்சு?"

ஒன்றும் மாறவில்லை என்றார். பிறகு யோசித்து, ஆவுடைக்கு முழங்கால் தேய்ந்துவிட்டதாக டாக்டர் சொன்னதைச் சொன்னார். குனியக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது என்று உத்தரவு. கோலம்கூட இப்போது பக்கத்து வீட்டுப் பெண்தான் போடுகிறது. அவளுக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்.

செல்வக்கனி அடுத்த கேள்வியைப் போட்டாள்.

"நீங்க சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிப்பீங்கள்லா?"

இதென்ன கேள்வி? தாத்தா காலத்திலிருந்து வருகிற பழக்கம். காய்ச்சிய நல்லெண்ணெயை உச்சி முதல் பாதம் வரை தேய்த்துக்கொண்டு, கோவணத்தோடு புறவாசலில் உட்கார்ந்து, வெயிலில் ஊறுவார். எந்தச் சனிக்கிழமையும் அவர் அதைத் தவறவிட்டதில்லை.

"எவ்வளவு நேரம் ஊறுவீங்க?"

"ஒரு மணி நேரம்."

"அந்த ஒரு மணி நேரம் அக்கா என்ன செய்வாங்க?"

குற்றாலிங்கம் வாயைத் திறந்தார். அடுப்படியில் இருப்பாள் என்று சொல்ல வந்தார். அடுப்படி புறவாசலுக்குப் பக்கத்தில்தான். அங்கே இருந்தால் பாத்திரச் சத்தம் கேட்டிருக்கும். ஒரு சனிக்கிழமைகூடக் கேட்டதாக ஞாபகமில்லை.

கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம். வாரம் ஒரு மணி நேரம் தன் மனைவி எங்கே இருந்தாள் என்று அவருக்குத் தெரியவில்லை. காரோ வாசல் பக்கம்தான் நிற்கும்.

"அவளா?" என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலை அண்ணாச்சி. சொல்ல மாட்டேன்னு அக்காகிட்ட சத்தியம் பண்ணிருக்கேன்." செல்வக்கனி எழுந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டாள். "கேள்வி கேக்க மாட்டேன்னு பண்ணலை."

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்தப் பிள்ளை சொன்னதைக் கேட்டு அவர் சாப்பிடாமல் கிடந்த அந்த இரண்டு நாளில்தான் ஆவுடை இங்கே வந்திருக்கிறாள். எப்படி ஊற்றுவது, எவ்வளவு ஊற்றுவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, டப்பாவையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். அவர் மேலுக்கு எண்ணெய் தேய்த்து ஊறிய ஒவ்வொரு சனிக்கிழமையும், வாசல் பக்கம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்தக் கனத்த பானட்டைத் தூக்கி, குனிந்து ஒரு டம்ளர் ஊற்றியிருக்கிறாள். குளித்து வந்த மனுஷன் சாப்பிட உட்கார்ந்து, என் வண்டி ஒரு சொட்டு குடிக்காது என்று அவளிடமே சொல்லியிருக்கிறார். அவளும் ஆமாம் என்று சொல்லி ரசம் ஊற்றியிருக்கிறாள்.

வெட்கமாகப் போய்விட்டது அவருக்கு. காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

கேட்டுவிட வேண்டும் என்றுதான் வந்தார். ஆவுடை கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் நாக்கு எழும்பவில்லை. ஏன் ஒரு மாதிரி இருக்கிறீர்கள் என்று அவள்தான் கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். இவள் இத்தனை வருஷம் சுமந்தது போதும், வண்டி போகட்டும் என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டார். ஏதோ ஒப்புக்கு இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஜெபமணி வந்தார்.

காரை இரண்டு தடவை சுற்றி வந்தார். கதவுகளை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். ஸ்டார்ட் செய்து காதைக் கொடுத்துக் கேட்டார். ஒரு டிக் டிக் இல்லை. இந்த வயசுக்கு இப்படி ஒரு எஞ்சினா என்று அவருக்கே ஆச்சரியம். நல்ல விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றார். குற்றாலிங்கம் தலையை ஆட்டினார்.

ஆவுடையம்மாள் காப்பி கொண்டுவந்தாள்.

ஜெபமணி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, சும்மா ஒரு வழக்கத்துக்காகக் கேட்டார்:

"எண்ணெய் குடிக்குமா சார்?"

அந்தத் தொழிலில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. விற்கிற எவனும் வேறு பதில் சொன்னது கிடையாது. அதே பதிலை எட்டு வருஷமாக யாரும் கேட்காமலேயே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் குற்றாலிங்கம்.

அவர் வாயைத் திறந்தார். அப்போது ஆவுடை, தட்டை முக்காலியில் வைப்பதற்காகக் குனிந்தாள். பாதியில் வலி பிடித்து, கார்க் கதவைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

"குடிக்கும்" என்றார் குற்றாலிங்கம். "வாரம் ஒரு டம்ளர்."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து ஜெபமணி சிரித்தார். குடிக்கிற வண்டி இப்படியா ஓடும், யார் ஊற்றுகிறார்கள் என்று கேட்டார்.

"இவதான். எட்டு வருஷமா ஊத்திருக்கா. நான் கோவணத்தோட புறவாசல்ல ஊறிக்கிட்டு கெடந்தேன். எனக்கு நேத்துதான் தெரியும்."

ஆவுடையம்மாள் கதவிலிருந்து கையை எடுக்காமல் அவரையே பார்த்தாள்.

"கனி சொல்லிட்டாளா?"

"சொல்லலை. அவ கேள்விதான் கேட்டா."

ஜெபமணிக்கு இந்தக் குடும்ப விவகாரம் ஒன்றும் பிடிபடவில்லை. வியாபாரம் மட்டும் பிடிபட்டது. எண்ணெய் குடிக்கிற வண்டி என்றால் இரும்புக் கடை விலைக்குத்தான் எடுக்க முடியும் என்றார்.

"நீங்க காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றாள் ஆவுடையம்மாள். "வண்டி கொடுக்கலை."

போன் போட்டு வரச் சொன்னதே நீங்கள்தானே என்று ஜெபமணி கேட்டார்.

"இவங்களுக்குத் தெரிஞ்சிரக் கூடாதேன்னுதான் விக்கச் சொன்னேன். தெரிஞ்சிட்டு. இனிமே எதுக்கு விக்கணும்?"

ஜெபமணி காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே தெருவில் இறங்கிப் போனார்.

பிறகு ஆவுடையம்மாள் உள்ளே போய், அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தாள். ஒரு நாற்காலியைக் காருக்கு முன்னால் இழுத்துப் போட்டு, காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

குற்றாலிங்கம் பானட்டைத் தூக்கி நிறுத்தினார். வேட்டியை மடித்துக் கட்டினார். பயந்து பயந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"எந்தக் கோடு வரைக்கும் ஊத்தணும் ஆவுடை?"

"மொதல்ல குனிங்க."